அட்டவணை முழுக்க ‘நான்’, ‘நான்’ என்று வருகிறது: 118 தனிமங்களின் பண்புகளை ஒழுங்காக எடுப்பது எப்படி?

பாலாற்று_மணல் | சனி, இரவு 10:40

எல்லோருக்கும் வணக்கம். வேலூரில் எம்.எஸ்சி வேதியியல் முதலாம் ஆண்டு படிக்கிறேன். துறையில் ஒரு வேலை கொடுத்தார்கள், சின்ன வேலை என்றுதான் சொன்னார்கள். 118 தனிமங்களுக்கும் அணு எண், அணு நிறை, உருகுநிலை, கொதிநிலை, அடர்த்தி, அயனியாக்கும் ஆற்றல், எலக்ட்ரான் கவர்தன்மை, அணு ஆரம் என்று எட்டுப் பத்தி, கூடவே தமிழ்ப் பெயர் ஒரு பத்தி. பெரிசாக அச்சடித்து ஆய்வகச் சுவரில் ஒட்டப்போகிறார்களாம். கம்ப்யூட்டரில் ஒரு தட்டு தட்டினால் வந்துவிடும் என்று சொல்லி என் தலையில் கட்டிவிட்டார்கள்.

முதலில் ஆய்வகத்தில் மேத்தமேட்டிகா என்ற கணக்கு மென்பொருள் இருக்கிற கணினியில், தனிமத் தரவு தரும் எலிமென்ட்டேட்டா கட்டளையைப் போட்டேன். ‘இனிஷியலைசிங்’ என்று வந்து அரை மணி நேரம் சுற்றிக்கொண்டே இருந்தது, விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து (சத்துவாச்சாரி, மொட்டை மாடி அறை, ஃபேன் காற்றே சுடுகிறது) லேப்டாப்பில் பைத்தான் திறந்து மெண்டலீவ் என்ற தனிமத் தரவுப் பேக்கேஜை இறக்கினேன். ஃபெட்ச்டேபிள் என்று ஒரே வரி, 118 வரிசையும் வந்து நின்றது. அந்தச் சந்தோஷம் இரண்டு நிமிடம்கூட நிற்கவில்லை. கீழே போகப்போக உருகுநிலையில் ‘நான்’ (‘நாட் எ நம்பர்’, மதிப்பு இல்லை என்று அர்த்தம்), கொதிநிலையில் ‘நான்’, அடர்த்தியில் ‘நான்’. அட்டவணையா சுயசரிதையா என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் 0 என்று நிரப்பிவிட்டேன்.

அப்புறம் இருக்கிற ஓட்டையை அடைக்கலாம் என்று பப்கெம் என்ற வேதியியல் தரவுத் தளத்தில் தனிம வரிசை அட்டவணையை சிஎஸ்வி கோப்பாக இறக்கினேன். குறியீட்டை வைத்து இரண்டையும் இணைக்க வேண்டும், பெரிய எழுத்து சின்ன எழுத்துத் தகராறு வேண்டாம் என்று எல்லாக் குறியீட்டையும் பெரிய எழுத்தாக்கி ஒரு கோப்பைச் சேமித்து, மறுநாள் திறந்து இன்னொன்றோடு இணைத்தேன். 118 போய் 117 ஆகிவிட்டது. எதைக் காணோம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால் சோடியம். உப்பில்லாத அட்டவணை! என்ன தப்பு செய்தேன்?

காட்பாடி_ஜங்ஷன் | சனி, இரவு 11:15

சோடியத்தை நீங்கள்தான் தொலைத்தீர்கள். பாண்டாஸ் (பைத்தானில் அட்டவணையைக் கையாளும் நூலகம்) ஒரு சிஎஸ்வியைத் திறக்கும்போது சில சொற்களை ‘மதிப்பு இல்லை’ என்று தானாகவே எடுத்துக்கொள்ளும். பெரிய எழுத்தில் என், ஏ இரண்டும் சேர்ந்து வந்தால் அதற்கு ‘நாட் அவைலபிள்’ என்று அர்த்தம். சோடியத்தின் குறியீட்டில் இரண்டாவது எழுத்து சின்னதாக இருக்கிறவரை தொல்லை இல்லை, அது வேறு சொல். நீங்கள் பெரிதாக்கினீர்கள், சேமிக்கும்வரை சரியாகத்தான் இருந்திருக்கும், மறுபடி திறந்ததும் சோடியம் ‘நான்’ ஆகிவிட்டது. ஒரு பக்கம் எழுத்து, இன்னொரு பக்கம் வெற்றிடம், இரண்டும் எங்கே பொருந்தும்? திறக்கும்போது கீப்-டீஃபால்ட்-என்ஏ என்பதற்கு ஃபால்ஸ் கொடுங்கள், பிறகு எந்தெந்தச் சொல் வெற்றிடம் என்று நீங்களே சொல்லுங்கள். அதைவிட நல்லது, குறியீட்டை வைத்து இணைக்காதீர்கள். அணு எண்ணை வைத்து இணையுங்கள். எண்ணுக்குப் பெரிய எழுத்தும் கிடையாது சின்ன எழுத்தும் கிடையாது.

இந்தக் குறியீடுகள் செய்கிற சேட்டை ஒன்றிரண்டு இல்லை. யாமல் என்கிற அமைப்புக் கோப்பில் எழுதி வைத்தால் நொபிலியத்தின் குறியீட்டை (என், ஓ) பைத்தான் ‘இல்லை’ என்று படித்து ஃபால்ஸ் ஆக்கிவிடும், மேற்கோள் குறிக்குள் போட்டால்தான் தப்பிக்கும். மேத்தமேட்டிகாவில் கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன், பொட்டாசியம், அயோடின் ஐந்தின் ஒற்றை எழுத்துக் குறியீடும் ஏற்கெனவே அந்த மென்பொருளுக்குச் சொந்தமான பெயர்கள். நைட்ரஜன் எழுத்து அங்கே தசம மதிப்பு காணும் கட்டளை, அயோடின் எழுத்து கற்பனை எண். அதற்கு மதிப்பு கொடுக்கப் போனால் ‘பாதுகாக்கப்பட்டது’ என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லும்.

அந்த ‘இனிஷியலைசிங்’ பற்றி: எலிமென்ட்டேட்டா முதல் தடவை கூப்பிடும்போது இணையத்தில் இருந்து தரவை இறக்கும். கல்லூரி நெட்வொர்க்கில் நடுவில் பிராக்ஸி நின்றால் அப்படியேதான் தொங்கும். ஒருமுறை போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து இறக்கிவிட்டால் அப்புறம் தொல்லை தராது.

குடியாத்தம்_கைலி | சனி, இரவு 11:32

கொசு அடிக்கக் கோடாலியா? விக்கிபீடியாவில் அட்டவணை இருக்கிறது, மவுஸால் இழுத்து எக்செல்லில் ஒட்டினால் வேலை முடிந்தது. 118 வரிசைக்குப் பைத்தான் எதற்கு, பாண்டாஸ் எதற்கு.

காட்பாடி_ஜங்ஷன் | சனி, இரவு 11:41

ஒட்டிப் பாருங்கள் நண்பரே, சும்மா சொல்லவில்லை. நிறைப் பத்தியில் டெக்னீசியத்துக்குச் சதுர அடைப்புக்குள் 97 அல்லது 98 வரும், சில எண்ணுக்குப் பின்னால் அடிக்குறிப்பு எண் ஒட்டிக்கொண்டு வரும், கழித்தல் குறி சில இடத்தில் கீபோர்டு குறியாக இருக்காது. எக்செல் அதையெல்லாம் எழுத்து என்று இடது பக்கம் தள்ளிவிடும், கூட்டச் சொன்னால் சத்தமில்லாமல் விட்டுவிட்டுக் கூட்டும். அணு எண்ணே எழுத்தாகிப் போய் 1, 10, 100, 101 என்று வரிசைப்படுத்திய அட்டவணையை நான் ஒரு செமினாரில் பார்த்திருக்கிறேன். ஹைட்ரஜனுக்குப் பக்கத்தில் நியான், அதற்கடுத்து ஃபெர்மியம்.

பழைய_வாத்தியார்_ஆற்காடு | ஞாயிறு, காலை 6:05

தம்பி, சோடியத்தை விடு, அது கண்டுபிடிக்கக்கூடிய தப்பு. வெற்றிடத்தில் 0 நிரப்பினேன் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாயே, அதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. கெல்வின் அளவில் உருகுநிலை 0 என்றால் என்ன அர்த்தம்? தனிச்சுழி வெப்பநிலையிலேயே அந்தப் பொருள் உருகி நிற்கிறது என்று அர்த்தம். ஓகனெசனை உலகத்தில் விரல்விட்டு எண்ணுகிற அளவு அணுக்கள்தான் இதுவரை செய்திருக்கிறார்கள், அதற்கு நீ உருகுநிலை எழுதிச் சுவரில் ஒட்டப்போகிறாய். பிள்ளைகள் பார்த்து எழுதிக்கொள்ளும். ஒரு எண் சுவரில் ஏறிவிட்டால் இறக்குவது கஷ்டம், 34 வருடம் பாடம் நடத்தியவன் சொல்கிறேன்.

‘இல்லை’ என்பதிலேயே பல வகை இருக்கிறது. மேத்தமேட்டிகா இதைக் கொஞ்சம் மரியாதையாகச் செய்கிறது. மிஸ்ஸிங் என்று போட்டு, உள்ளே காரணம் சொல்கிறது: ‘கிடைக்கவில்லை’ என்பது ஒன்று, ‘பொருந்தாது’ என்பது ஒன்று, ‘தெரியாது’ என்பது ஒன்று. ஹீலியத்தை எடுத்துக்கொள். சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் எவ்வளவு குளிர்வித்தாலும் அது உறையாது. ஆனாலும் பல அட்டவணையில் உருகுநிலை 0.95 கெல்வின் என்று இருக்கும். பொய் இல்லை, கிட்டத்தட்ட 25 மடங்கு அழுத்தத்தில் அளந்த எண் அது. அழுத்தத்தைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால் பாதி உண்மைதான்.

ஆர்சனிக்கைப் பார். நீ இறக்கிய பப்கெம் கோப்பில் உருகுநிலை 1090, கொதிநிலை 887 என்று இருக்கும். கொதித்த பிறகு உருகுமா? சாதாரண அழுத்தத்தில் ஆர்சனிக் பதங்கமாகிவிடும், கற்பூரம் மாதிரி. 887 என்பது பதங்கமாகும் வெப்பநிலை, 1090 என்பது அழுத்தி வைத்து உருக்கியது. இரண்டு வேறு நிலைமை, ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கிறது.

பாஸ்பரஸ் இன்னும் மோசம். குடியாத்தத்துக்காரர் ஒருவர் மேலே பேசினாரே, அவர் ஊர் தீப்பெட்டியையே எடுத்துக்கொள்ளலாம். பெட்டியின் பக்கவாட்டில் பூசியிருப்பது சிவப்புப் பாஸ்பரஸ். உன் அட்டவணையில் பாஸ்பரஸ் உருகுநிலை 44 டிகிரி என்று வரும், அது வெள்ளைப் பாஸ்பரஸுக்கு. பெட்டியில் அது இருந்தால் சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குக் கீழே தீப்பெட்டிக் கட்டு என்ன கதிக்கு ஆகும் என்று யோசி. வெள்ளையைத் தண்ணீருக்குள் போட்டு வைப்பது அதனால்தான். தனிமம் ஒன்று, பொருள் இரண்டு.

குடியாத்தம்_கைலி | ஞாயிறு, காலை 7:20

வாத்தியாரே, எங்கள் ஊர்ப் பெட்டியையே எடுத்து என் வாயை அடைத்துவிட்டீர்கள். சரி, ஒட்டுகிற யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

பாலாற்று_மணல் | ஞாயிறு, காலை 9:48

சார், தம்பி இல்லை, தங்கச்சி. 🙂 பூஜ்யத்தை எல்லாம் எடுத்துவிட்டேன், வெறும் கோடு போட்டிருக்கிறேன். நீங்கள் சொன்னது மாதிரி கொதிநிலை உருகுநிலையைவிடக் குறைவாக இருக்கிற வரிசையைத் தேடச் சொன்னேன், ஆர்சனிக் வந்து மாட்டியது. இது நல்ல சோதனை.

வேறு ஒன்று. குரோமியத்தின் உருகுநிலை ஒரு பழைய கையேட்டில் 1857 டிகிரி, பைத்தானில் கணக்குப் போட்டால் 1907 டிகிரி. 50 டிகிரி வித்தியாசம். எதை நம்புவது? கார்பன் ஆரம் மெண்டலீவில் 70, பப்கெமில் 170. இரண்டும் பிக்கோமீட்டர்தான், பார்த்துவிட்டேன். நூறு எங்கிருந்து வந்தது?

பழைய_வாத்தியார்_ஆற்காடு | ஞாயிறு, காலை 10:02

மன்னித்துக்கொள் அம்மா. 1857 என்பது பழைய அளவீடு, அந்தக் காலத்துப் புத்தகத்திலேயே பக்கத்தில் 20 டிகிரி முன்னே பின்னே என்று போட்டிருப்பார்கள். இப்போதைய கையேடுகள் 1907 என்கின்றன. குரோமியம் அந்தச் சூட்டில் கையில் கிடைத்ததோடெல்லாம் சேர்ந்துகொள்ளும், சுத்தமாக அளப்பது லேசு இல்லை. 1907 போடு.

ஜவ்வாது_மலைத்தேன் | ஞாயிறு, காலை 11:30

ஆரத்துக்கு நான் பதில் சொல்கிறேன், நானும் இதில் ஒரு மாதம் வீணாக்கியவள். அணுவுக்கு விளிம்பு கிடையாது, அதனால் ‘அணு ஆரம்’ என்று ஒரே எண்ணும் கிடையாது. 70 என்பது ஸ்லேட்டர் 1964-இல் படிகங்களில் பிணைப்பு நீளங்களைப் பார்த்துத் தொகுத்தது. 170 என்பது வான் டெர் வால்ஸ் ஆரம், அதாவது பிணைப்பு இல்லாமல் இரண்டு அணுக்கள் உரசிக்கொண்டு நிற்கும்போது எவ்வளவு நெருங்கும் என்பது. கோர்டெரோ குழு 2008-இல் கொடுத்த சகப்பிணைப்பு ஆரம் 76, அதுவும் கார்பன் எந்த இனக்கலப்பில் இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும். ஓட்டையை அடைக்கிறேன் என்று மெண்டலீவ் பத்தியில் இல்லாததை மட்டும் பப்கெமில் இருந்து எடுத்துப் போட்டிருந்தால் (போட்டிருப்பீர்கள், நானும் அதைத்தான் செய்தேன்) மந்த வாயுக்கள் திடீரென்று பக்கத்து ஹாலஜன்களைவிட உப்பிக்கொண்டு நிற்கும், வரைபடத்தில் பார்த்தால் ஏதோ புது விதி கண்டுபிடித்த மாதிரி இருக்கும். என் வழிகாட்டியிடம் அந்த வரைபடத்தைக் காட்டி நான் பெருமையாக விளக்கம் வேறு சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்விதான், இது எந்த ஆரம் என்று.

எலக்ட்ரான் கவர்தன்மையிலும் அதே கதைதான், பாலிங் அளவு, ஆலன் அளவு, இன்னும் நிறைய. மெண்டலீவ் பேக்கேஜில் எது வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்கலாம். பாடப்புத்தகத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்றால் பாலிங். அயனியாக்கும் ஆற்றல் அங்கே எலக்ட்ரான் வோல்ட்டில் வரும், நம் புத்தகத்தில் கிலோஜூல். 96.485 ஆல் பெருக்கவேண்டும். குரோமியத்துக்கு 6.77 வந்தால் 653 ஆகும், சரியாக இருக்கிறதா என்று ஒன்றிரண்டைக் கையால் போட்டுப் பாருங்கள். எலக்ட்ரான் நாட்டம் சேர்க்கப் போகிறீர்கள் என்றால் குறியைக் கவனியுங்கள். குளோரினுக்கு மென்பொருள் 3.61 எலக்ட்ரான் வோல்ட் என்று நேர்க்குறியில் தரும், பிளஸ் ஒன் புத்தகம் எலக்ட்ரான் ஏற்பு என்தால்பி என்று கழித்தல் 349 போடும். இரண்டும் ஒன்றேதான், யார் பக்கம் நின்று கணக்கு எழுதுகிறோம் என்பதுதான் வித்தியாசம்.

ராணிப்பேட்டை_லேப் | ஞாயிறு, பிற்பகல் 2:15

நான் படித்தது பி.எஸ்சி., இருபது வருடமாகத் தோல் கழிவுநீர் பரிசோதனை. மற்ற தனிமங்களைப் பற்றிப் பெரிதாகத் தெரியாது, குரோமியம் மட்டும் நன்றாகத் தெரியும். 1996-இல் உச்ச நீதிமன்றம் பாலாற்றுப் பக்கத் தோல் ஆலைகள் பற்றித் தீர்ப்பு சொன்னதில் இருந்து இந்தப் பக்கம் டீக்கடையில்கூடக் குரோமியம் என்றால் தெரியும்.

எங்களுக்கு அணு நிறை எதற்கு என்றால், தோல் பதப்படுத்துகிறவர்கள் குரோமியத்தைக் குரோமியமாகச் சொல்ல மாட்டார்கள், குரோமிக் ஆக்சைடாகச் சொல்வார்கள். டிரம்மில் போடுகிற பச்சைப் பவுடர் மூட்டையில் 25 சதவீதம் என்றால் அது ஆக்சைடுக் கணக்கு. 25 கிலோ மூட்டையில் ஆக்சைடு 6.25 கிலோ. குரோமியம் 51.9961, ஆக்சிஜன் 15.999 என்று வைத்து ஆக்சைடு 151.989, அதை 103.992 ஆல் வகுத்தால் 1.4615. ஆக, மூட்டையில் நிஜக் குரோமியம் 4.28 கிலோ. கழிவுநீர் அறிக்கையிலோ குரோமியம் குரோமியமாகவே லிட்டருக்கு மில்லிகிராமில் வரும், குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் சொல்கிற உச்ச அளவு 0.05. இந்த 1.4615-ஐ ஒரு பக்கம் பெருக்கி ஒரு பக்கம் மறந்தவர்களை நிறையப் பார்த்தாயிற்று. போன வருடம் புதிதாக வந்த பையன் எக்செல்லில் போட்ட கணக்கில் டிரம்முக்குள் போனதைவிட வெளியே வந்த குரோமியம் அதிகம். தோலே குரோமியம் சுரந்தது போல!

நான் கேட்க வந்தது: துத்தநாகத்துக்கு எங்கள் பழைய நோட்டில் 65.39, ஒரு மென்பொருளில் 65.409, இன்னொன்றில் 65.38. எது?

ஜவ்வாது_மலைத்தேன் | ஞாயிறு, மாலை 4:40

65.38 போடுங்கள் அண்ணா, 2007-இல் இருந்து அதுதான். மற்ற இரண்டும் அதற்கு முந்தைய மதிப்புகள். உங்கள் மென்பொருள் எந்த வருடத்துப் பட்டியலை உள்ளே வைத்திருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. மாலிப்டினமும் அப்படித்தான், 95.94 ஆக இருந்து 2007-இல் 95.96, 2013-இல் 95.95. செலினியம் 78.96-இல் இருந்து 78.971. நான் புதிதாக ஒரு பேக்கேஜ் கையில் எடுத்தால் முதலில் இந்த மூன்றையும் கேட்பேன், ஊர் பெயர் கேட்டு ஆளை எடைபோடுகிற மாதிரி. கடைசி நான்கு புதியவற்றையும் கேளுங்கள். 113, 115, 117, 118-க்கு நிஹோனியம், மாஸ்கோவியம், டென்னசின், ஓகனெசன் என்று பெயர் 2016 நவம்பரில்தான் உறுதியானது. இன்னும் ‘உன்’ என்று ஆரம்பிக்கிற தற்காலிகப் பெயர் வந்தால் தரவு அதற்கு முந்தையது.

சிலவற்றுக்கு ஒற்றை எண்ணே கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹைட்ரஜன், லித்தியம், போரான், கார்பன் உட்படப் பத்துத் தனிமங்களுக்கு 2009-க்கான திருத்தத்தில் இருந்து ஒரு வரம்பாகத்தான் கொடுக்கிறார்கள். லித்தியத்துக்கு 6.938 முதல் 6.997 வரை. அணுசக்தி வேலைக்காக லித்தியம்-6 பிரித்தெடுத்துவிட்டு மிச்சத்தைப் புட்டியில் அடைத்து விற்றதால் கடையில் வாங்கும் லித்தியமே கனமாக இருக்கலாம். சுவருக்கு 6.94 போதும்.

பாலாற்று_மணல் | ஞாயிறு, இரவு 8:25

எல்லோருக்கும் நன்றி. இன்று மதியம் கரண்ட் போய், வியர்வை ஊற்ற உட்கார்ந்திருந்தபோது ஒன்று தோன்றியது. எங்கள் துறைத்தலைவர் ‘அறை வெப்பநிலையில் நிலை’ என்று இன்னொரு பத்தியும் கேட்டிருந்தார். மென்பொருள்கள் எல்லாம் 25 டிகிரியை அறை வெப்பநிலை என்கின்றன. எந்த ஊர் அறை அது? என் அறைச் சுவரில் தொங்குகிற தெர்மாமீட்டர் 41 காட்டியது. சரி என்று 298.15 இருந்த இடத்தில் 314.15 போட்டு, உருகுநிலை அதற்குக் கீழே, கொதிநிலை அதற்கு மேலே இருப்பவற்றை வடிகட்டச் சொன்னேன். 25-இல் பாதரசமும் புரோமினும் மட்டும் திரவம். 41-இல் சீசியம் (28.4), காலியம் (29.8), ரூபிடியம் (39.3) மூன்றும் சேர்ந்துகொண்டன. ஃபிரான்சியமும் வந்தது, ஆனால் அது அளந்த எண் இல்லை என்பதால் எடுத்துவிட்டேன். வேலூர் அட்டவணையில் காலியம் திரவம்!

இப்போது தமிழ்ப் பிரச்சினை. தமிழ்ப் பெயரோடு சேமித்த சிஎஸ்வியை எக்செல்லில் திறந்தால் à®, ¸ என்று கொத்துக் கொத்தாக என்னவோ வருகிறது. வரைபடத்தில் பொட்டாசியம் என்று எழுதினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் பிய்ந்து கிடக்கிறது.

காட்பாடி_ஜங்ஷன் | ஞாயிறு, இரவு 9:10

314.15 பிரமாதம், அதைச் சுவரில் கட்டாயம் போடுங்கள்.

சிஎஸ்விக்கு: சேமிக்கும்போது என்கோடிங் யுடிஎஃப்-8-சிக் என்று கொடுங்கள். கோப்பின் தலையில் ஒரு அடையாளம் வைக்கும், அதைப் பார்த்தால்தான் எக்செல்லுக்கு இது யுனிகோடு என்று புரியும். லிப்ரே ஆபீஸில் இந்தத் தொல்லை இல்லை, திறக்கும்போதே எந்த என்கோடிங் என்று கேட்டுவிடும்.

வரைபடத்துக்கு: பைத்தானில் வரைபடம் போடும் மேட்பிளாட்லிப் எழுத்துகளை வந்த வரிசையிலேயே ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டு போகிறது. நம் கொம்பு கோப்பில் எழுத்துக்குப் பின்னால் இருக்கும், கண்ணுக்கு முன்னால் வரவேண்டும், அந்த இடமாற்றத்தை அது செய்வதில்லை. தமிழ் எழுத்துரு மாற்றினால் சரியாகிவிடும் என்று நான் ஏழெட்டு எழுத்துரு இறக்கிப் பார்த்தேன், பிரயோசனம் இல்லை. எஸ்விஜி என்கிற பட வடிவத்தில் சேமியுங்கள், அதிலும் எஸ்விஜி-ஃபான்ட்டைப் என்ற அமைப்பை ‘நன்’ என்று வையுங்கள். அப்போது எழுத்தைப் படமாக்காமல் எழுத்தாகவே விட்டுவிடும். பிரவுசரிலோ இங்க்ஸ்கேப்பிலோ திறந்தால் கொம்பும் காலும் அதனதன் இடத்தில் நிற்கும், அங்கிருந்து பிடிஎஃப் எடுத்து அச்சுக்குக் கொடுங்கள்.

தமிழ்ப் பெயரை அகரவரிசைப்படுத்தப் போகிறீர்களா? யுனிகோடு வரிசை நம் வரிசை இல்லை. அதில் ‘ந’வுக்கு அடுத்தே ‘ன’ வரும், ‘ர’வுக்கு அடுத்து ‘ற’ வரும், புள்ளி வைத்த மெய் ‘கௌ’வுக்கும் பின்னால் போய் நிற்கும். சுவருக்கு அணு எண் வரிசைதானே, விட்டுவிடுங்கள்.

பழைய_வாத்தியார்_ஆற்காடு | திங்கள், காலை 5:50

அச்சுக்குப் போகுமுன் எனக்காக ஒரு சோதனை செய்யம்மா. அணு எண் வரிசையில் போனால் நிறை ஏறிக்கொண்டே வரவேண்டும். யுரேனியம் வரைக்கும் நான்கு இடத்தில் மட்டும் இறங்கும்: ஆர்கான்–பொட்டாசியம், கோபால்ட்–நிக்கல், டெலுரியம்–அயோடின், தோரியம்–புரோட்டாக்டினியம். மெண்டலீவ் 1869-இல் நிறையை வைத்து அடுக்கும்போதே டெலுரியமும் அயோடினும் அவருக்குத் தலைவலி கொடுத்தன. உன் மென்பொருளிடம் ‘முந்தையதைவிடக் குறைந்தது எது’ என்று கேள். நான்குதான் வரவேண்டும். ஐந்து வந்தால் எங்கோ ஒரு வரிசை இடம் மாறியிருக்கிறது.

பாலாற்று_மணல் | திங்கள், இரவு 7:35

சார், ஐந்து வந்தது! பயந்துபோய்ப் பார்த்தால் துத்தநாகத்துக்கு அடுத்த காலியத்தில் 69.723 என்பதை 59.723 என்று நானே கையால் அடித்திருக்கிறேன், அந்த வேலூர்த் திரவத்தில் கை வைத்தபோது. திருத்திவிட்டேன், இப்போது நான்கு.

ஆசைப்பட்டுக் கண்டுபிடித்த ஆண்டு என்று ஒரு பத்தி சேர்த்தேன், பப்கெமில் இருந்தது. செம்பு, தங்கம், இரும்புக்கு எல்லாம் ஆண்டுக்குப் பதில் ‘பழங்காலம்’ என்ற பொருளில் ஒரு சொல் இருப்பதால் பத்தி முழுக்க எழுத்தாகிவிட்டது, கழிக்கக் கூட்ட முடியவில்லை. ஹீலியத்துக்கு ஓரிடத்தில் 1868, ஓரிடத்தில் 1895.

ஜவ்வாது_மலைத்தேன் | திங்கள், இரவு 8:20

ஹீலியத்துக்கு இரண்டையும் போடுங்கள், நியாயமாக இருக்கும். 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தை நம் பக்கத்து குண்டூரில் இருந்து பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென் பார்த்த வருடம், அதே வருடம்தான் லாக்கியரும் சூரிய ஒளியில் அந்த மஞ்சள் கோட்டைப் பிடித்தார். 1895-இல்தான் ராம்சே அதைப் பூமியில் ஒரு கனிமத்தில் இருந்து எடுத்தார். பழங்காலத்துக்கு ஒரு தனிப் பத்தி வையுங்கள், ஆண்டுப் பத்தியில் எண் மட்டும் இருக்கட்டும்.

கூடவே இன்னொன்று, கோபித்துக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் எங்கிருந்து எடுத்தது என்று எழுதி வைத்தீர்களா? சுவருக்கு வேண்டாம், உங்கள் கோப்பில். தனிமம், பண்பு, மதிப்பு, அலகு, நிலைமை, மூலம், இறக்கிய தேதி என்று ஒரு மதிப்புக்கு ஒரு வரிசையாக நீளமாக வைத்துக்கொண்டு, அச்சுக்கு மட்டும் பிவட் பண்ணி (பண்புகளைப் பத்திகளாகத் திருப்பி) அகலமாக்குங்கள். மேத்தமேட்டிகாவில் எடுக்கும் மதிப்புக்கு மூன்றாவதாக ‘நோட்’ என்று கேட்டால், குறிப்பு இருந்தால் அதுவே தரும், அதையும் நிலைமைப் பத்தியில் போடலாம்.

பாலாற்று_மணல் | திங்கள், இரவு 11:55

எழுதி வைக்கவில்லை அக்கா. இன்றைக்கு உட்கார்ந்து 118 தனிமத்துக்கும் மூலம் போட்டுக்கொண்டு வருகிறேன், 84 வரை வந்துவிட்டேன். கோப்பை நாளை இங்கே ஏற்றுகிறேன், ராணிப்பேட்டை அண்ணாவுக்கு 1.4615-ஐத் தனி வரிசையாகவே போட்டிருக்கிறேன்.

ராணிப்பேட்டை_லேப் | செவ்வாய், காலை 8:10

நன்றி தங்கச்சி. புதுப் பையனுக்கு அதைப் பிரிண்ட் எடுத்து மேஜை மேல் ஒட்டிவிடுகிறேன்.

பழைய_வாத்தியார்_ஆற்காடு | செவ்வாய், காலை 8:30

85-ஆவது அஸ்டாடின். அடர்த்திக்கு ஒரு எண் வரும், ஏமாந்துவிடாதே. அதிக நேரம் நிற்கிற அஸ்டாடின்-210-க்கே அரை ஆயுள் 8 மணி நேரம்தான், கண்ணால் பார்க்கிற அளவுக்கு யாரும் சேர்த்ததே இல்லை. நிலைமைப் பத்தியில் ‘கணிப்பு’ என்று எழுது, சுவரில் கோடு போடு.